நத்தைகுத்திக்குக் காவல் இருந்த மூன்று நாள்

முதன்முதலில் அந்தச் சத்தம் கேட்டபோது பம்புசெட்டில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் ஓடினேன். கட்டையைக் கட்டையால் தட்டுகிற மாதிரி டக்டக்டக். மோட்டார் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வடிவாய்க்கால் கரையில் நிற்கிற நாட்டுக்கருவை மரத்தின் மேலிருந்து வந்தது சத்தம். இரண்டு நத்தைகுத்தி நாரைகள். நீடாமங்கலம் பக்கம் ஐப்பசி மழைக்கு அவை கூட்டமாக வரும், போகும். என் வயலோரத்தில் ஜோடியாகத் தங்கியது அந்த வருஷம்தான்.

ஒன்று கூடு கட்டச் சுள்ளி கொண்டுவரும். மற்றது கழுத்தைத் தாழ்த்தி வாங்கிக்கொள்ளும். பிறகு இரண்டும் எதிரெதிரே நின்று, தலையைக் குனிந்து நிமிர்ந்து, அலகைத் தட்டும். அந்தப் பறவைக்கு அலகு முழுசாக மூடாது, நடுவில் சந்து தெரியும். களை பறித்துக்கொண்டே அதைக் கேலி செய்வேன். வாய் மூடத் தெரியாத மாப்பிள்ளைக்கும் ஒருத்தி அகப்பட்டாளே என்பேன். சுள்ளி கொண்டுவந்ததுதான் மாப்பிள்ளை என்று நானாக வைத்துக்கொண்டேன். என் கணவர் விடிந்ததும் கொத்து வேலைக்குப் போய்விடுவார். குத்தகை வயலில் பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை அவை இரண்டும்தான்.

நட்ட பயிரில் குருத்துப்பூச்சி விழுந்தது. மருந்துக் கடையில் குருணை மருந்து கொடுத்தார்கள். மணலில் கலந்து, தண்ணீர் நின்ற வயலில் விசிறிவிட்டு, மடையை அடைத்தேன். உச்சிப்பொழுதில் பார்த்தால் வரப்போரம் நண்டுகள் மல்லாந்து கிடக்கின்றன. நத்தைகள் ஓட்டுக்கு வெளியே சதை தள்ளிக் கிடக்கின்றன. கருவை மரத்திலிருந்து அவை இரண்டும் இறங்கி வயலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தன.

சேற்றில் விழுந்து எழுந்து ஓடி விரட்டினேன். பிறகு கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"தண்ணிய வடிச்சு விட்டுடவாங்க?"

"வேண்டாங்கக்கா. கீழ வாத்து மேயுது. நாலு நாளைக்கு மடையத் தொறக்காதீங்க."

"அப்ப இந்த நாரைங்க?"

"அதுக்கு நான் என்னக்கா பண்றது? வெரட்டி விடுங்க."

வயலுக்குள் மட்டும் அவை இறங்காமல் நாலு நாளைக் கடத்திவிட்டால் போதும். வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை. வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்தேன். பொழுது விடிவதற்கு முன்பே வரப்பில் நிற்பேன். அவை சிறகை விரித்தாலே தட்டைத் தட்டிக்கொண்டு ஓடுவேன். சோறு இறங்கவில்லை. ஒதுங்கப் போனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். என் தலையைக் கண்டதும் அவை பதறின. நேற்றுவரை கேலி பேசிய வாயால், வராதீங்க சாமி, வந்துடாதீங்க என்று கெஞ்சினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவை வழிக்கு வந்தன. வயலை விட்டுவிட்டு மரத்தடியில், வடிவாய்க்காலில் இறங்கி மேய்ந்தன. அப்பாடா என்று இருந்தது. அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் பெருமையாகவே சொன்னேன்.

"அந்தப் பக்கம் பழக்கி விட்டுட்டேங்க. இனிமே பயமில்ல."

மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்தபோது கருவை மரத்தில் ஒன்றுதான் நின்றது. மற்றதைத் தேடிப் போனேன். வடிவாய்க்கால் ஓரம், ஒரு சிறகை விரித்துத் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்தது. தூக்கினேன். கழுத்து துவண்டு என் கையில் விழுந்தது.

வயலில் ஒரு வாய்கூட வைக்கவிடவில்லையே, எப்படி என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வரப்பின் அடியில் ஒரு நண்டு வளை. அதிலிருந்து என் வயல் தண்ணீர் சத்தமில்லாமல் வடிவாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தைச் செதுக்கி, அண்டை வெட்டிச் சேறு பூசினால் எல்லா வளையும் அடைந்துவிடும். வருஷா வருஷம் செய்கிற வேலை. அந்த வருஷம் ஆள் கிடைக்கவில்லை, போகட்டும் என்று விட்டேன். மடையை மட்டும் அடைத்துவிட்டுக் காவல் இருந்திருக்கிறேன்.

சேற்றை அள்ளி அள்ளி வளைக்குள் திணித்தேன். மேலே டக்டக்டக் கேட்டது. மாப்பிள்ளை ஒரு சுள்ளியோடு கூட்டின் விளிம்பில் நின்று, குனிந்து நிமிர்ந்து தட்டினான். நிறுத்தினான். எதிர்ப்பக்கம் பார்த்தான். மறுபடி தட்டினான். இவனுக்குப் பசித்தால் இங்கேதானே இறங்குவான். தட்டை எடுத்து மரத்தடியில் நின்று கை ஓயும்வரை அடித்தேன். போயிடுடா, எங்கயாவது போயிடு என்று அழுதேன். அவன் நகரவில்லை.

வேலை முடிந்து அந்த வழியாக வந்த கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கிடந்த பறவையைப் பார்த்தார். என் கையிலிருந்த தட்டை வாங்கி வரப்பில் வைத்தார்.

"விடு. எங்கயோ மேயப் போயித் தின்னுருக்கும். நீ என்ன பண்ணுவ?"

"அதுவாப் போகலங்க" என்றேன். "நான்தான் இங்க ஓட்டிவிட்டேன்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வளைக்குச் சேறு வெட்டிப் போட்டார். மரத்தின் மேல் அவன் தட்டிவிட்டு, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி தட்டினான்.