ஓனர் எப்படி இருக்காரு?

மனைவி இறந்த மறு வருடம் நான் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தேன். இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய, நீளமான, கறுப்பு நிற ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினேன்.

எனக்கு அரசாங்கத்தில் நில அளவை வேலை. ஓய்வு பெறும்வரை ஊர் ஊராக மாற்றல். கடைசியில் சிதம்பரத்தில் வீடு கட்டியது மனைவியின் விருப்பம். அவள் கடலூர்க்காரி. வந்த சில மாதங்களிலேயே தெருவில் எல்லோரோடும் பழகிவிட்டாள். எனக்கு அவள் மூலமாகத்தான் எல்லோரையும் தெரியும். அவள் போன பிறகு எதிர்ப்படுகிறவர்கள் தலையசைப்பார்கள், நானும் அசைப்பேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பையன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான்.

முன்பு எங்களிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. அதை முதலிலேயே விற்றுவிட்டேன். அதில் பக்கத்து இருக்கை முழங்கையில் இடிக்கிற தூரத்தில் இருக்கும். கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அது காலியாக இருப்பது கைக்குத் தெரிந்தது.

கொஞ்ச நாள் பஸ்ஸில் போய் வந்தேன். பிறகு மறுபடி ஒரு சின்ன வண்டியே பார்க்கலாம் என்று கடலூருக்குப் போனேன். மனைவியின் தம்பி, என் மச்சான், அங்கேதான் இருக்கிறான். மஞ்சக்குப்பம் பக்கம் பழைய கார் விற்கிற ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். வரிசையாகச் சின்ன வண்டிகள். அவற்றுக்குப் பின்னால், வேப்பமரத்து நிழலில், கூரை முழுக்கச் சருகோடு இது நின்றது.

“அது எதுக்கு சார்? அது ஒரு கம்பெனி ஓனர் வெச்சிருந்த வண்டி. மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாரும் கேக்கறதில்ல” என்றார் கடைக்காரர். விற்க வேண்டியவரே அப்படிச் சொன்னார்.

சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். கடலூர் நின்றுபோயிற்று. பஸ் ஹாரன், பக்கத்து வெல்டிங் பட்டறை, மச்சானும் கடைக்காரரும் பேசியது, ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவர்களுடைய வாய்கள் மட்டும் அசைந்தன. வீட்டிலும் சத்தம் இல்லைதான். ஆனால் வீட்டில் அது ஆள் இல்லாததால் வந்தது. இதை யாரோ யோசித்து, வேலை மெனக்கெட்டுச் செய்து வைத்திருந்தார்கள். உள்ளே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. மச்சான் கண்ணாடியைத் தட்டினான்.

“மாமா, மீட்டர பாத்தீங்களா? நிலாவுக்குப் பாதி தூரம் போயிருக்கு. இத வாங்கினா வண்டிக்கு செலவு பண்றதே உங்களுக்கு வேலையா போயிடும்.”

“வேற என்னடா வேலை இருக்கு எனக்கு?” என்றேன்.

அவன் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தான். அக்காவை நினைத்துக்கொண்டான் என்று முகத்தில் தெரிந்தது.

வண்டியை ஓட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தேன். தெருவில் திருப்புவதற்கே மூன்று வீட்டுக்காரர்கள் வெளியே வந்து வழி சொல்ல வேண்டியிருந்தது. வண்டி வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. பக்கத்துக் காலிமனையில் நிறுத்தினேன். பையனிடம் வீடியோவில் காட்டினேன். “சூப்பர்ப்பா. எத்தன கிலோமீட்டர்?” என்றான். சொன்னேன். “ஐயோ, ஏம்ப்பா?” என்றான். அதற்குள் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

ஓட்டுநர் இருக்கையின் பக்கத்துக் கதவில் ஒன்று, இரண்டு என்று பித்தான்கள் இருந்தன. உட்காருகிறவர் தன் உயரத்துக்கு ஏற்றபடி இருக்கையை வைத்து, அதை அந்தப் பித்தானில் பதிந்துகொள்ளலாம். ஒன்றில் என்னுடையதைப் பதிந்தேன். இரண்டை அழுத்தினால் இருக்கை முனகிக்கொண்டு பின்னால் நகரும், நன்றாகச் சாயும். என்னைவிட ரொம்ப உயரமான யாரோ ஒருவர் வருடக்கணக்காக அப்படி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. சில சாயங்காலங்களில் கடலோரம் இருக்கிற கிள்ளைக்குப் போய், ஊருக்கு வெளியே சாலையோரம் நிறுத்தி, இரண்டை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். கால் பெடலுக்கு எட்டாது. மீன் வண்டிகள் கடந்து போகும். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன்.

இப்படி வாரத்துக்கு இரண்டு தடவை எங்கும் போகாமல் போய் வந்துகொண்டிருந்தபோதுதான், இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர் வந்தார். அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். மண்டபம் சிதம்பரத்தில், மாப்பிள்ளை வீடு புவனகிரியில்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. மாப்ள அழைச்சிட்டு வர உங்க வண்டி கெடைக்குமா? டிரைவர் நாங்க போட்டுக்கறோம்.”

அந்த வண்டியின் குணம் இன்னொருவருக்குப் பிடிபடாது. “நானே ஓட்டிட்டு வரேன்” என்றேன். அவர் சங்கடப்பட்டார். நான் விடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புவனகிரி போனேன். வண்டி கேட்டு வந்தவர் மண்டபத்தில் இருந்தார். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. போய் நின்றதும் இரண்டு பேர் பானெட்டில் ரோஜாச் சரம் ஒட்டத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து கூரையைத் தட்டினார்.

“டிரைவர், ஏசிய ஜாஸ்தி வெய்ப்பா. மாப்ள கோட்டு போட்டிருக்காரு.”

நான் டிரைவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் யாரையோ அதட்டப் போய்விட்டார். வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். ஏசியைக் கூட்டி வைத்தேன்.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மாப்பிள்ளைப் பையன் முன்பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். “அண்ணா, கொஞ்சம் நிதானமா போங்களேன். போனதும் ஸ்டேஜ்ல நிக்க வெச்சிடுவாங்க.” கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. முப்பதைத் தாண்டாமல் ஊர்ந்து போனேன். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்களுக்கு உள்ளே அவ்வளவாகக் கேட்கவில்லை.

மண்டபத்தில் இறக்கிவிட்டதும் சித்தப்பா கீழ்த்தளத்தைக் காட்டினார். “டிரைவருங்கல்லாம் அங்க சாப்புடுங்க.”

மேலே போய், தெருவிலிருந்து வந்திருக்கிற மனைவியின் சிநேகிதிகளுக்கு நடுவே தனியாக நிற்பதை நினைத்தேன். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு அவர்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் கண் கலங்குவார்கள். நான் கீழே போனேன்.

அங்கே மேளக்காரர்கள், வீடியோக்காரர்கள், வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்து இலையில், பாலத்தில் பின்னால் ஹாரன் அடித்த வேன்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும், கடலூர் ஆள்.

“நீங்கதானாண்ணா அது? ஆமை மாதிரி போனீங்களே!”

“மாப்ள பயந்துட்டாரு.”

அவர் சிரித்தபோது வாயிலிருந்து ஊத்தப்பம் தெறித்தது. பிறகு வண்டியைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு ஓடியிருக்கிறது, மைலேஜ் என்ன கொடுக்கிறது, டயர் எங்கே மாற்றுகிறேன். எல்லாம் சொன்னேன். ஒருவரோடு இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

“ஓனரு எப்படிண்ணா? நல்ல மனுசனா?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நல்ல மனுசன்தான். தனியா இருக்காரு.”

“பொண்டாட்டி?”

“போயிட்டாங்க. ஒரே பையன், வெளிநாடு.”

“அப்ப இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு?”

“அவருக்கே தெரியல. கிள்ளைக்குப் போவாரு. சும்மா உக்காந்திருப்பாரு. வந்துடுவாரு.”

“பேச மாட்டாரா?”

“பேச ஆளில்ல.”

அவர் இலையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். “பாவம்ணா” என்றார். “அந்த மாதிரி ஆளுங்க ராத்திரி சாப்புட கூட மாட்டாங்க. நீங்க கேளுங்க. கேட்டாதான் சாப்புடுவாங்க.”

 தண்ணீர் குடித்தேன். மனைவி போனபோது வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். எதுவும் எனக்குள் இறங்கியதாக நினைவில்லை. இவர் யாரோ ஒரு ஓனருக்காகச் சொன்னது நேராக உள்ளே போனது. பரிமாறுகிறவர் வந்து “பிரியாணி வெக்கட்டுமா?” என்றார். வைக்கச் சொல்லி, முழுவதும் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அவர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். கல்யாணம் முடிந்த மறுநாள் இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர் தாம்பூலப் பையோடு வந்தார். “மேல உங்கள தேடினேன் சார். சாப்டீங்களா இல்லியா?” என்றார். “நல்லா சாப்ட்டேன்” என்றேன். ரோஜாச் சரம் ஒட்டிய பசையைத் துடைக்க ஒரு முழுக் காலை ஆயிற்று.

சில வாரம் கழித்து வேன்காரர் போன் செய்தார். “அண்ணா, கடலூர்ல ஒரு டாக்டருக்கு டிரைவர் வேணுமாம். நல்ல எடம், குடும்பத்தோட இருக்காங்க. வரீங்களா?”

“இல்ல தம்பி. இவர விட்டுட்டு வர முடியாது” என்றேன்.

“அதான் நானும் நெனச்சேன்” என்றார்.

அதிலிருந்து அவர் சிதம்பரத்துக்குச் சவாரி கொண்டுவந்தால் கூப்பிடுவார். கோயிலுக்கு வந்தவர்கள் தரிசனம் முடித்து வரும்வரை அவருக்கு நேரம் இருக்கும். கீழ வீதியில் ஒரு டீக்கடையில் நிற்போம். அவர் டீசல் விலையைப் பற்றியும், மகள் நர்சிங் படிப்பதைப் பற்றியும் பேசுவார். கிளம்புவதற்கு முன் “ஓனர் எப்படி இருக்காரு?” என்று ஒரு தடவை கேட்டுவிடுவார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். சொன்னால் அவர் ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார், டீக்குக் காசு எடுக்கக் கை வராமல் நிற்பார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

போன தடவை வந்தபோது மழை. கடைக் கூரைக்கு அடியில் நெருக்கி நின்றோம்.

“ரெண்டு நாளா ஓனருக்குக் காய்ச்சல்” என்றேன்.

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?”

“மாத்திரை போட்டாரு.”

“வெறும் வயித்துல போட்டிருப்பாரு. போனதும் கொஞ்சம் கஞ்சி வெச்சுக் குடுங்கண்ணா. உப்பு கம்மியா போடுங்க.”

சரி என்றேன். வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்தேன்.