பஸ்ஸுக்கு முன்னால் ஓடியது

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் கரி பஸ் இன்றும் மேட்டில் நின்றுவிட்டது. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து, பஸ்கள் கரியை எரித்துத்தான் ஊர்கின்றன; மேடு வந்தால் இறங்கித் தள்ளுவதும் பயணத்தில் சேர்த்திதான்.

வேட்டியை மடித்துக் கட்டி, தோளைத் தாழ்த்தி, கால் விரல்களை அழுத்தி ஊன்றித் தள்ளினேன்.

லீவு விட்ட அன்று எங்கள் காலேஜ் புட்பால் காப்டன் சொன்னது காதிலேயே இருந்தது. "பந்து ஒன் கால்ல நிக்குது. மூச்சுதான் நெஞ்சுல நிக்க மாட்டேங்குது. அதச் சரிபண்ணிட்டு வா, பொறவு டீமப் பத்திப் பேசலாம்."

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. எல்லோரும் ஓடி ஏறிக்கொண்டார்கள்.

நான் ஏறவில்லை; ஓட ஆரம்பித்தேன்.

வலப்பக்கம் மலைமேல் மேகம் படுத்திருந்தது. சாலை மழையில் நனைந்து, வெறுங்காலுக்கு எங்கள் மைதானம் போலவே இருந்தது. காலடியில் பந்து ஒன்று உருள்வதாக நினைத்துக்கொண்டேன். எதிரே வந்த ஆடுகளை ஒவ்வொன்றாக ஏமாற்றித் தாண்டினேன். புளியமரங்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. மூச்சு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

"தம்பி, டிக்கெட் எடுத்த நீங்க ஓடுதீக. எடுக்காதவனெல்லாம் உள்ள உக்காந்திருக்கான். ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால், பஸ்ஸும் எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. நான் பஸ்ஸையே முந்திவிட்டேன் என்று காப்டனிடம் நீங்கள் யாராவது சொல்லிவிடுங்கள். என்ன பஸ் என்று அவர் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.