மேடையில் அவர் என் மனைவி

தொண்ணூறுகளில் ஆரணியைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் ஒரு பாட்டுக் கச்சேரி இருக்கும். பாடுகிறவர்கள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குகிற நேரத்தில் கூட்டம் கலையாமல் சிரிக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் குழுவில் அந்த இருவர் நானும் அவரும். நான் கணவன், அவர் மனைவி.

நல்ல உயரம். அரிசி மில்லில் மூட்டை தூக்கி அகன்ற தோள். அந்த உடம்பில் புடவையைச் சுற்றி, கொண்டையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, குச்சி மாதிரி இருக்கும் என்னைப் பிடரியில் பிடித்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு வருவார். அப்போதே சிரிப்பு தொடங்கிவிடும். அதற்கு மேல் அந்தக் கட்டைக் குரலில் அவர் குழைந்தால் என் வசனம் யார் காதிலும் விழாது. நானும் கவலைப்பட்டதில்லை. அடி வாங்கி, வாயைக் கோணிக்கொண்டு அழுவதுதான் என் வேலை.

பகலில் நான் பட்டுப் புடவைக் கடையில் புடவைகளை விரித்துக் காட்டி மடித்து வைப்பவன். நிகழ்ச்சி உள்ள நாளில் அவர் என்னை அழைத்துப்போக வருவார். எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். முனையில் நின்று சைக்கிள் மணியை அடிப்பார்.

"உள்ள வாங்கண்ணா" என்பேன்.

"பொடவ கட்டிகினு வரேன்டா. அப்ப ஒங்கம்மா மருமவளேன்னு உள்ள கூப்புடுவாங்க."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதிப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் குரல் கம்மத் தொடங்கியது. மில் தூசு என்று சொல்லிக்கொண்டு பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வார். தெள்ளார் பக்கம் ஒரு கோயில் விழாவில் வசனம் பேச வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. கூட்டம் அதையும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

"இன்னாடி, வாய் அடச்சிகிச்சா? நான் வேண்டிகினது சாமி காதுல வுழுந்துச்சி" என்றேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினார். ஒருவழியாக முடித்து இறங்கினோம்.

தொண்டையில் புற்று என்று வேலூரில் சொன்னார்கள். அறுவை செய்து கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். இனி பேச்சு கிடையாது. எங்கள் ஜோடி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து அவர் மனைவி கடைக்கே வந்தார். கழனி வேலைக்குப் போகிறவர். அந்தக் கடைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்: "ஊட்ல செவுத்தையே பாத்துகினு குந்திகினு கீறாருங்க. சோறு எறங்க மாட்டேங்குது. ஒங்க கூட இட்டுகினு போங்க."

மௌன விரதம் இருக்கும் மனைவி என்று புதிதாக ஒன்றைத் தயாரித்தோம். பெண்டாட்டி பேசமாட்டாள் என்று கணவன் துள்ளுவான். அவள் கண்ணாலும் கையாலுமே அவனை ஒரு வழி பண்ணிவிடுவாள். கழுத்தை முந்தானையால் மூடிக்கொள்வார். முன்பைவிட அதிகம் சிரித்தார்கள். எனக்கு மட்டும், பக்கத்தில் நிற்கும்போது, அந்தத் துளை வழியாக அவர் மூச்சு சீழ்க்கை போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அத்தனை இரைச்சலிலும் கேட்கும்.

ஒரு மழைக்காலத்துக் காலையில், மில்லில் அவரோடு வேலை செய்தவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஒம் பொஞ்சாதி பூட்டாருபா" என்றார்.

ஊரில் எல்லோரும் அவரை என்னிடம் அப்படித்தான் சொல்வார்கள். வந்தவர் வேறெதுவும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் புடவை பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டுக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். என் கையில் விரித்த புடவை இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டுப் போனேன்.

வீட்டு முன்னால் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். காலைத் தொட்டதும் எனக்கு அழுகை பீறிட்டது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அடக்க முடியாத சிரிப்பு ஒன்று கேட்டது. அப்புறம் இன்னொன்று. நான் அழுதால் வாய் கோணும். மேடையில் அழுவதும் அதே மாதிரிதான். எனக்கு வேறு அழுகை கிடையாது.

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அந்தாண்ட போய் குந்துங்க" என்றார். கோபம் இல்லை, களைப்புதான். சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டு போனபோது கடைசி ஆளாக நடந்தேன்.

கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். தனியாக ஏறினேன். "ஒன் பொஞ்சாதி எங்கப்பா?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று என் வாய் தானாகச் சொன்னது. சிரித்தார்கள். "எப்ப வருவா?" என்று இன்னொரு குரல். நான் விழித்துக்கொண்டு நின்றதற்கும் சிரித்தார்கள். அதன்பிறகு கணவன் வேஷம் போடவில்லை. பஸ் கண்டக்டர், ஏலக்காரர் என்று முன்பு குழுவில் விளையாட்டாகப் பேசிக்காட்டிய குரல்களையே மேடையில் தனியாகப் பேசிப் பிழைத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவரு பேசுனது எங்கனா டேப்புல கீதாங்க? சின்னவளுக்கு அவுங்க அப்பா கொரலே நெனப்பு இல்லன்னு சொல்லுது."

மைக் செட்காரரிடம் கேட்டேன். பதிவு செய்த கேசட்டுகளின் மேல் எப்போதோ சாமி பாட்டு ஏற்றிவிட்டார்கள். திரும்பப் போய்ச் சொன்னேன்.

"நீங்க எல்லார் மாதிரியும் பேசுவீங்களே" என்றார்.

அவர் குரலை மட்டும் நான் என்றைக்கும் பேசியதில்லை. பக்கத்திலேயே ஆள் இருந்ததால் தேவைப்படவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேடையில் அவர் என்னை மிரட்டும் வசனம் ஒன்றைச் சொன்னேன். நன்றாகவே வந்தது. சின்ன மகள் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவி தலையை ஆட்டினார்.

"அது மேடைல பேசுற கொரலுங்க. ஊட்ல அப்டி பேச மாட்டாரு. மெதுவா பேசுவாரு. பக்கத்துல குந்துனாதான் கேக்கும்."

அந்தக் குரல் எனக்குத் தெரியாது. அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.