கோப்பை வீடு, பொம்மைக் கிணறு

பத்திரம் எழுதுகிறவர் மேஜையில் கைப்பிடி போன பீங்கான் கோப்பைகளுக்கும் மூக்குடைந்த பொம்மைக்கும் என்ன வேலை? பல ஊர்களில் புரியாத தாள்களில் கையெழுத்துப் போட்டுத் திரிந்துவிட்டு, 1971இல் விருத்தாசலம் திரும்பிய என்னை இந்தக் கேள்வி விடவில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ராஜாங்கத்தின் கடையில் போய் உட்கார்ந்தேன்.

ராஜாங்கம் நல்லூர்ப் பக்கத்துக்காரர். பீங்கான் சூளையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு எழுத்து வேலைக்கு வந்தவர். முதலில் வெள்ளைத்தாளில் எழுதிப் படிப்பார். கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் முத்திரைத்தாளைத் தொடுவார். சொல்ல வராதவர்களுக்குத்தான் பீங்கான்.

அன்று பாஞ்சாலையும் அவள் அண்ணன் சாமிக்கண்ணுவும் அப்பாவின் மனையைப் பாகம் பிரிக்க வந்திருந்தார்கள். ராஜாங்கம் படித்தார்: “...இன்று முதல் ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.”

“புரிஞ்சுதாம்மா?”

“புரிஞ்சுதுங்க.”

“அப்ப சொல்லும்மா.”

பாஞ்சாலை சிரித்து மழுப்பினாள். ராஜாங்கம் கோப்பைகளையும் பொம்மையையும் முன்னால் இழுத்தார்.

“ஆபீஸ மூடிடுவாங்க. நீங்க என்னடான்னா சொப்பு வெச்சு வெளையாடுறீங்க,” என்றார் சாமிக்கண்ணு.

ராஜாங்கம் மேஜையின் நடுவே சாக்பீஸால் கோடு கிழித்தார். மேற்கே ஒரு கோப்பை, கிழக்கே ஒரு கோப்பை. கிழக்குக் கோடியில் பொம்மை.

“இது உன் வூடு. இது அண்ணன் வூடு. பொம்மதான் கெணறு. அது ரெண்டு பேருக்கும் பொதுன்னு எழுதியிருக்குது. போயி தண்ணி எடுத்துட்டு வா பாப்போம்.”

பாஞ்சாலையின் விரல் மேற்குக் கோப்பையிலிருந்து புறப்பட்டது. கோட்டைத் தாண்டியதும் நின்றது.

“இது அண்ணன் எடமாச்சேங்க. நான் எப்பிடிப் போறது?”

“வராதன்னா சொல்லப்போறேன்?” என்றார் சாமிக்கண்ணு.

“நீ சொல்லமாட்டண்ணே. நாளைக்கு நீ வித்துட்டா, வாங்குனவன் சொல்லுவானே.”

“கூடப் பொறந்தவன் மேல நம்பிக்க இல்ல, அப்பிடித்தான?”

“இருக்குதுண்ணே. எழுதி வெச்சா கொறஞ்சா போயிடும்?”

ராஜாங்கம் பேனாவை எடுத்து, “மாமூல் வழிநடைப் பாத்தியம்...” என்று ஆரம்பித்தார். பாஞ்சாலை மறித்தாள்.

“எனக்கு வாயில வர்ற மாதிரி எழுதுங்க.”

அதை அடித்துவிட்டு அவர் எழுதிப் படித்தார்: “பாஞ்சாலையும் அவளுக்குப் பின் வருகிறவர்களும் கிணற்றுக்குப் போய்வர, சாமிக்கண்ணு மனையின் வடக்கு ஓரமாக நாலடி வழி என்றைக்கும் உண்டு.”

வெளியே பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு சட்டென்று திரும்பினார். “இருங்க, இருங்க. வடக்கால நான் மாட்டுக்கொட்டா போடப்போறேன். தெக்கால விடறேன்.”

“இவ்ளோ நேரம் படிச்சாரே, நீங்க கேக்கவே இல்லியா?” என்றேன்.

“அப்ப எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்!” என்றார்.

வடக்கு, தெற்கு ஆனது. பாஞ்சாலை தெற்கு ஓரமாகவே விரலை ஓட்டிப் பொம்மையைத் தொட்டாள். தன் வழியைத் தடுமாறாமல் சொன்னாள்.

“இப்ப நீங்க சொல்லுங்க,” என்றார் ராஜாங்கம், அண்ணனிடம்.

சாமிக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லி முடித்தார். அதற்குப் பிறகே முத்திரைத்தாள் வெளியே வந்தது.