நூபிஸின் பெயரில் எல்லாரும்

வருகிறவரை நம்பாமல் இருப்பதுதான் யாதிரா கொன்சுவேக்ராவின் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

பரான்கியா நகரில் துறைமுகத் தொழிலாளருக்கு ஓய்வூதியம் கொடுக்கிற நிறுவனம் ஒன்றின் மெயின்பிரேம் என்ற மையப் பெருங்கணினிக்கு அவள் காவல். தலைமை, கிளை அலுவலகங்களிலிருந்து இணையம் வழியாக வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு டோக்கனோடு, அதாவது மின் அனுமதிச் சீட்டோடு வரும். அனுப்பியவர் பெயர், சீட்டைக் கொடுத்த இடத்தின் முத்திரை, அது எதுவரை செல்லும் என்ற கெடு எல்லாம் அதற்குள் இருக்கும். முத்திரை போலியா, கெடு தாண்டிவிட்டதா என்று பார்த்த பிறகே அவள் எழுதிவைத்த விதிகள் கதவைத் திறக்கும். எந்திர அறையின் வாசலில் யாரோ காவலுக்கென்று கார்மென் மாதா படத்தை ஒட்டியிருந்தார்கள். யாதிரா கிழிக்கவில்லை. "இருக்கட்டும். முத்திரைய மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் அப்பா கப்பலில் மூட்டை இறக்கியவர். ஓய்வூதியம் பிச்சையல்ல, முதுகு கொடுத்து வாங்கியது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அதனால், கார்னவல் என்ற முகமூடித் திருவிழா முடிந்த வாரம் விதவைகள் சிலருக்குப் பணம் நின்றுபோனபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது. கார்னவல் நாட்களில் யாரோ அந்தப் பெண்களை இறந்தவர்கள் என்று பதிந்திருந்தார்கள். உயிரோடிருப்பதை நிரூபிக்க அவர்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள்.

மெயின்பிரேமில் அந்தப் பதிவுகளுக்கு நேராக ஒரே பெயர் இருந்தது: நூபிஸ் ஒரோஸ்கோ. ஓய்வூதியப் பிரிவு எழுத்தர்; புருஷன் விட்டுப்போன பின் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். இடைநீக்க உத்தரவைக் கையில் கசக்கிக்கொண்டு யாதிராவின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, கார்னவல் நாலு நாளும் நான் தெருவுல ஆடிட்டிருந்தேன். ஊரே பாத்துச்சு."

"ஊரு பாத்தது உன் முகமூடியத்தானடி."

"அதத்தான் லகுத்தூர் டாக்டரும் சொல்றாரு!" என்று சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

லகுத்தூர் வைத்தியர் அல்ல, தணிக்கைத் தலைவர். நாற்காலி கொஞ்சம் உயரமாக இருந்தால் இங்கே எவரும் டாக்டர்தான்.

யாதிராவுக்குக் காரணம் தெரியும். இணையவழி வேலை தொடங்கியபோது, டோக்கனில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் மெயின்பிரேமில் தனிப் பயனர் பெயர் உண்டாக்க வேண்டும் என்றாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது நிர்வாகம். அதற்கான இணையதளத்தை அமைத்த கம்பெனி ஆட்கள் சோதனைக்காக நூபிஸின் இருக்கையில் உட்கார்ந்தவர்கள், தற்காலிகமாக அவள் பெயரையே எல்லாருக்கும் போட்டுவைத்தார்கள். தற்காலிகம் அப்படியே தங்கிவிட்டது. யாதிரா இருமுறை ஆட்சேபம் எழுதினாள். பதில் வரவில்லை.

விசாரணை லகுத்தூரின் அறையில் நடந்தது. நூபிஸ் கைகளை மடியில் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"டோக்கன் எல்லாம் ஒழுங்கா சோதிக்கப்படுதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே, எஞ்சினியர்?" என்றார் லகுத்தூர்.

"நாந்தான் டாக்டர். டோக்கன் சரிதான். உள்ள விட்டப்புறம் அது யாரோடதுங்கறத எந்திரம் தூக்கிப் போட்டுடுது. வாசல்ல ஆள் ஆளா சோதிச்சு, உள்ள வந்ததும் எல்லாருக்கும் கார்னவல் கோமாளியோட ஒரே மரிமொண்டா முகமூடிய மாட்டினா எப்படி? அந்தக் கதைதான்."

"கதை வேண்டாம். ஆதாரம்."

"உங்க கம்ப்யூட்டர்ல, உங்க பேர்ல உள்ள போங்க. உங்க போன் நம்பர்ல கடைசி எண்ண மாத்திப் பதிங்க."

அவர் சலித்துக்கொண்டே மாற்றினார். யாதிரா தன் மடிக்கணினியில் மெயின்பிரேம் பதிவைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். லகுத்தூரின் போன் எண்ணைச் சற்றுமுன் மாற்றியவர்: நூபிஸ் ஒரோஸ்கோ.

"அவ கைய மடியிலேர்ந்து எடுக்கவே இல்ல டாக்டர். நீங்களே பாத்தீங்க."

லகுத்தூர் திரையை இன்னொரு முறை படித்தார். அந்த விதவைகளின் பதிவுகளை மட்டுமே அவர் கேட்டு வாங்கியிருந்தார். மற்ற எல்லாவற்றிலும் இதே பெயர் இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப யார்தான் பண்ணினாங்க?"

"தெரியாது. தளம் தன்னோட தடயத்த மாசா மாசம் அழிச்சிடுது. தெரியலங்கறதுக்காகக் கிட்ட இருக்கறவ கழுத்துல மாட்டிடலாமா?"

லகுத்தூர் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். "சரி. இத இந்த அறையோட விடுவோம். எச்சரிச்சு மன்னிச்சிட்டோம்னு எழுதி, நூபிஸ நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கறேன்."

நூபிஸ் யாதிராவின் பக்கம் சாய்ந்தாள். "வாங்கிக்கறேனே அக்கா. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு."

"உன் இஷ்டம். மன்னிப்ப வாங்கினா குத்தத்தையும் சேத்துத்தான் வாங்கணும்."

நூபிஸ் எழுந்து நின்றாள். "மன்னிப்பு வேண்டாம் டாக்டர். நான் ஒண்ணும் பண்ணலன்னு எழுதிக் குடுங்க. என் பேர எல்லாருக்கும் மாட்டினது நிர்வாகம்னும் எழுதுங்க. அந்த அம்மாக்களையும் வரிசையில நிக்க விடாதீங்க."

நிர்வாகம் என்ற சொல்லில் லகுத்தூர் மூன்று நாள் இழுத்தடித்தார். நூபிஸ் தினமும் வந்து அவர் அறை வாசலில் உட்கார்ந்தாள். கடிதம் அவள் சொன்னபடியே வந்தது. விதவைகளுக்கு நின்ற பணம் அந்த வாரமே போயிற்று.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிய வேலை அந்த மாதமே தொடங்கியது. யாதிரா ஒவ்வொருவருக்கும் மெயின்பிரேமில் அவரவர் பெயரை உண்டாக்கி, அவரவர் வேலைக்குரிய உரிமையை மட்டும் கொடுத்தாள். புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்த காலையில் முதல் தொலைபேசி அழைப்பு லகுத்தூரிடமிருந்து வந்தது.

"எஞ்சினியர், இந்தக் கோப்ப திருத்த விடமாட்டேங்குது! என் டோக்கன் கெட்டுப்போச்சா?"

"டோக்கன் நல்லாத்தான் இருக்கு டாக்டர். இத்தன நாளா நூபிஸா இருந்து திருத்துனீங்க. இன்னிலேர்ந்து நீங்க நீங்கதான். தணிக்கைக்காரர் பாக்கலாம், திருத்தக் கூடாது."

"அப்ப யார் திருத்தறது?"

"நூபிஸ்கிட்ட கேளுங்க. ரெண்டாம் மாடி, ஜன்னலோரம். கொஞ்சம் மரியாதையா கேளுங்க."