சுகந்தி எடுத்துப்போன நாற்காலி

ஒஸ்லோவின் ஒரு கூட்ட மண்டபத்தில் இருக்கிறேன். நார்வே முழுவதும் அரசு அறிவியல் மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே நிர்வாகக் குழு நடத்துவது பற்றிப் பேசுகிறார்கள். சென்னையில் அப்படியொரு பள்ளியில் இயற்பியல் கற்பிப்பதால் என்னையும் விருந்தினராக அழைத்திருக்கிறார்கள். முன்மேசையில் பேராசிரியர்களும் அதிகாரிகளும் அமர்ந்திருக்கிறார்கள். பெற்றோர் யாரும் அந்த மேசையில் இல்லை.

பக்கத்து இருக்கையில் சுகந்தி. இலங்கைத் தமிழர்; குடியேறியவர்கள் அதிகம் வாழும் கிழக்கு ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் குடியிருக்கிறார், மகள் பத்தாம் வகுப்பு.

“உங்க பக்கம் பள்ளி வருதாங்க?” என்று கேட்கிறேன்.

“இல்லை சேர். மேற்குப் பக்கத்திலைதான் கட்டப் போகினம். எங்கட பிள்ளையளுக்கு விஞ்ஞானம் ஏறாது எண்டு நினைச்சிட்டினம் போல.”

“பார்வையாளர்கள் பேச அனுமதி உண்டா?”

“இல்லை. ஆனா நான் கதைக்கத்தான் வந்தனான்.”

எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முன்மேசையருகே போட்டு உட்கார்கிறார். தலைவர் நார்வேஜிய மொழியில் மெதுவாக ஏதோ சொல்லிப் பின்வரிசையைக் காட்டுகிறார். சுகந்தி அதே மொழியில் சுருக்கமாகப் பதில் சொல்கிறார். என் மறுபக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் விளக்குகிறார்: “எங்கள் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்கிறார்.”

தலைவர் மீண்டும் பின்வரிசையைக் காட்டுகிறார். சுகந்தி குளிர்ச்சட்டையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டுகிறார்.