படத்துக்குச் சொந்தமான தாடி

சின்ன வேஷக்காரனுக்கு நடிக்கிற வேலை கம்மி, காத்திருக்கிற வேலைதான் ஜாஸ்தி. பிரமோஷனுக்கும், பட்டா மாறுதலுக்கும், மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்கும் காத்திருந்து பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், நான் காத்திருந்தது என் முகத்திலேயே தெரிந்தது.

ஒப்பந்தம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசர். முப்பது வருடமாக மேடையிலும் ஏறி வருகிறேன். புனித வெள்ளி நாடகத்தில் பிலாத்துவாகக் கை கழுவியிருக்கிறேன். காட்பாடி கல்லூரி மாணவர்களின் குறும்படங்களில் நிறைய முறை செத்திருக்கிறேன். சினிமா ஐம்பதுக்கு மேல்தான் கூப்பிட்டது. கான்ஸ்டபிள், கல்யாண வீட்டுப் பெரியப்பா என்று எல்லாமே வாயைத் திறக்காத வேஷங்கள்.

ஐம்பத்து நாலு வயதில் முதல்முறையாக வசனமுள்ள வேஷம் கிடைத்தது. தொலைந்துபோன மகனைத் தேடி அலையும் அப்பா. தாடி வளர்க்கச் சொன்னார்கள், வளர்த்தேன். பாதிக் காட்சிகள் எடுத்ததும் பணப் பிரச்சினையில் படப்பிடிப்பு நின்றது. கிளம்பும்போது உதவி இயக்குநர் என் முகத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். மறுபடி தொடங்கும்வரை கத்தி படக்கூடாது. பட்டால் வாசலில் தாடியோடு நுழைகிற அப்பா கூடத்தில் தாடியில்லாமல் உட்கார்ந்திருப்பார். எத்தனை நாள் என்று கேட்டேன். அதற்கு அவர் வேறொன்று சொன்னார்: "சார், இனிமே இது உங்க தாடி இல்ல, படத்தோட தாடி."

தையல் லைன்

கம்பெனியில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. படம் நின்றுபோனால் கேலியாகிவிடும் என்ற பயம். ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர் வந்த நாளில் ஹெச்.ஆர். மேனேஜர் என்னைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். அன்று முழுக்க என்னைக் குடோனில் ஸ்டாக் சரிபார்க்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் லைனுக்குத் திரும்பினேன். என் லைனில் தைக்கிற செல்வி மிஷினை நிறுத்தாமலே கேட்டது பக்கத்து மூன்று மிஷின்களையும் நிறுத்தியது: "இன்னா சார், இந்த வயசுலயா? யார் சார் அந்தப் பொண்ணு?"

பஜார்

இக்பால் என் பள்ளித் தோழன், தோல் ரசாயனக் கடை வைத்திருக்கிறான். அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மாதக்கணக்காகியும் போன் வரவில்லை, எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் தினமும் கண்ணாடி முன்னால் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வராத படத்துக்கு வளர்க்கிற தாடிக்குப் பெயர் என்ன, உறுதியா, பைத்தியமா?

இக்பால் தன் தாடியைத் தடவிக்கொண்டான். "எங்க தாடிக்கு மேல ஒருத்தன் பொறுப்பு. உன் தாடிக்கு யார்ரா பொறுப்பு தோஸ்த், புரடியூசரா?"

வார்டு

அந்த மழைக்காலத்தில் அம்மாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் நீர். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு நாள் தூக்கமில்லாமல், சிவந்த கண்ணும் கலைந்த தாடியுமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக டியூட்டிக்கு வந்த நர்ஸ் நேராக என்னிடம் வந்து கையை நீட்டச் சொன்னாள், பி.பி. பார்க்க.

அம்மா மூச்சு வாங்கச் சிரித்தாள். "என்ன எறக்கிட்டு அவன படுக்க வெய்ம்மா. அவனுக்குத்தான் வேஷம் பொருந்துது."

பெரியவன் தலை

ஒரு வழியாக உதவி இயக்குநர் கூப்பிட்டார். அடுத்த வாரம் படப்பிடிப்பு, என் முக்கியமான காட்சிதான் முதலில். போன் வந்த இரண்டாம் நாள் அம்மா போய்விட்டாள்.

எங்கள் பக்கம் அப்பாவுக்குப் பெரிய பிள்ளை, அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும். வைப்பவன் தலையும் முகமும் மழித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பிள்ளை நான்தான். சுடுகாட்டில் உட்கார மனைப்பலகையைப் போட்டுவிட்டு, கத்தியோடு காத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. காரணத்தைச் சொன்னதும் மாமா கத்தினார்: தாடி பெருசா, தாய் பெருசாடா?

அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. நீ என்ன பெரிய நடிகனா? படம் வருமா? வந்தாலும் உன் காட்சி மிஞ்சுமா? ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் அந்த மனையில் உட்கார்ந்தால், முப்பது வருடம் நான் செய்தது வெறும் பொழுதுபோக்கு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது மட்டும் தெரிந்தது. நின்றேன். உட்காராமல் நின்றது சரியா என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் நிற்கத்தான் செய்வேன் என்று சொல்ல முடியும்.

அண்ணன் ஏரிக்கரையில் பயிர் வைக்கிறவன், என் படம் ஒன்றையும் பார்த்தவனில்லை. என்னை ஒரு முறை பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மனையில் போய் உட்கார்ந்தான். "பெரியவன் தலையும் அவ பெத்த தலதான் மாமா. கத்தாத, வேல ஆவட்டும்."

ஸ்பிரிட்

அடுத்த வாரம் படப்பிடிப்பு நடக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அந்த மாதங்களில் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவே கால் வரவில்லை. அவன் தலையில் முடி முளைத்து வளர்ந்தது, என் தாடி நெஞ்சைத் தொட்டது.

கடைசியில் வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே கேமரா வைத்தார்கள். பழைய போட்டோவைப் பார்த்துத் தாடியின் நீளத்தைக் குறைத்தார்கள். நரை ஜாஸ்தியாகியிருந்தது, மை தடவினார்கள். மகனின் படத்தைப் பயணிகளிடம் காட்டி, "இவன எங்கனா பாத்தீங்களாம்மா?" என்று கேட்டபடி நான் நடக்க வேண்டும். நடந்தேன். ஒரு பூக்காரம்மா படப்பிடிப்பு என்று தெரியாமல் படத்தை வாங்கி உற்றுப் பார்த்து, இல்லையே கண்ணு என்று வருத்தத்தோடு திருப்பித் தந்தார். இயக்குநர் அந்த ஷாட்டையே படத்தில் வைத்துக்கொண்டார். என் பாகம் முடிந்தது, இனி ஒரு ஷாட்டும் பாக்கியில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மேக்கப் பெட்டியருகே உட்கார்ந்து கண்ணை மூடினேன். முன்பு இருந்தவர் போய்ப் புது மேக்கப்மேன் வந்திருந்தார். பசையைக் கரைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு என் காதோரம் நனைத்து, ஒட்டுத்தாடியை உரிக்கிற வேகத்தில் பிடித்து ஒரே இழு. என் அலறலில் அவரும் அலறினார். "ஒரிஜினலா சார்? இவ்ளோ மோசமா இருக்கவும் ஒட்டுனதுன்னு நெனச்சிட்டேன்!"

சலூன்

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. பஜாரில் முதலில் கண்ணில் பட்ட சலூனில் ஏறி, தலை, தாடி, மீசை எல்லாம் எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே வேண்டுதலா என்று கேட்டார். இல்லை, அம்மாவுக்கு என்றேன். கையை நிறுத்தி, எப்போ சார் என்றார். மழைக்காலத்தில் என்றேன். வெளியே பங்குனி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இனிமேல் எடுப்பது கணக்கில் சேருமா என்று அவரிடம் கேட்டேன். யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது.

அவர் கத்தியில் புது பிளேடு மாட்டினார். "லேட்டானா இன்னா சார், அவங்க பாத்த அதே முடிதான? தலைய குனிங்க."

நடிகனுக்குச் சொந்தம் என்று இருப்பது அவன் முகம் ஒன்றுதான் என்பார்கள். அதையும் வாடகைக்கு விட்டுவிட்டால், காலி செய்து தரும்வரை வீட்டுக்காரன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.